இன்று அணையில் எத்தனை அடி?

பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி என்பது திருநெல்வேலிச் சீமையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மழைக்காலத்தில் பேப்பரைப் பிரித்ததும் அணை நிலவரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற செய்திக்குப் போவோம். அதனால் எங்கள் அலுவலக உதவியாளர் ஒருநாள் தொலைபேசியில் யாரிடமோ "இன்று 140 அடி, பார்த்து வாருங்கள்" என்று சொன்னது காதில் விழுந்தபோது நான் சந்தேகப்படவில்லை. திருத்தத்தான் செய்தேன். "ஏப்ரல் வெயிலில் அணையில் ஏது ஐயா அவ்வளவு தண்ணீர்? பேப்பர் பார்ப்பதே இல்லையா?" அவர் முகம் வெளிறிப்போனது. கணக்குப் பிரிவில் யாரோ இருமினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, பணி ஓய்வு பெற்றுப் போன ஒரு மூத்த அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டே விஷயத்தை உடைத்தார். அணை வேறு யாரும் இல்லை, நான்தான். 100 அடிக்குக் கீழே என்றால் விடுப்பு கேட்கலாம். 120 என்றால் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். 140 என்றால் என் அறைப் பக்கமே தலைகாட்டக் கூடாது. பாளையங்கோட்டையில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் சின்னக் கிளை அலுவலகம் அது. ஐந்து வருடமாக இந்த நிலவரம் தினமும் காலையில் வெளியாகிக்கொண்டிருந்திருக்கிறது. பேப்பர் பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

இதில் வேடிக்கை, அந்த வருடம்தான் வண்ணார்பேட்டையில் ஒரு ஓட்டலில் எங்களுக்கு 'உணர்வுசார் நுண்ணறிவு' பயிற்சி நடந்தது. சலோவி, மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியதையும், 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகத்தால் இது உலகம் முழுக்கப் பரவியதையும் பயிற்சியாளர் நன்றாகவே சொன்னார். தன் உணர்வை அறிவது, அடக்கி ஆள்வது, பிறர் உணர்வை உணர்வது என்று திரையில் படம் படமாக ஓடியது. யாருக்கெல்லாம் இது இருக்கிறது என்று கேட்டார். முதலில் கை தூக்கியது நான். பின்வரிசையில் எங்கள் உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கத்தால் என்று அன்று நினைத்தேன்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. இந்தப் பயிற்சியைக் கீழே இருப்பவர்களுக்கு நடத்துவது வீண். அவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. இல்லாவிட்டால் பிழைக்க முடியாது.

என் அம்மா பீடி சுற்றியவள். முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். சுளகை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து இருட்டும்வரை சுற்றிய பீடியைக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கடையில் இருப்பவர் கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துப்போடுவார். எவ்வளவு கழியும் என்பது பீடியைப் பொறுத்தது மட்டுமில்லை, அவருடைய அன்றைய மனத்தையும் பொறுத்தது. அம்மா கடைக்குள் நேரே போகமாட்டாள். எதிரே வேப்பமரத்தடியில் நின்று பார்ப்பாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தால் நல்ல நாள். கண்ணாடி மூக்கு நுனியில் இருந்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தால் என் கையைப் பிடித்துத் திருப்பிவிடுவாள். "அண்ணாச்சிக்கு இன்று மனம் சரியில்லை ஐயா, மத்தியானம் வருவோம்." மூன்றாம் வகுப்பைத் தாண்டாத அம்மா அது. எந்த ஓட்டலிலும் போய்ப் பயிற்சி எடுத்தவளில்லை.

குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு இரண்டு இடத்தில் வருகிறது. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம், காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். ஒன்று வேலைக்கு, மற்றது வீட்டுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பொருட்பாலில் அரசனின் முகம் பார்த்து உள்ளத்தை அறிய வேண்டியவர் அமைச்சர், அதாவது கீழே இருப்பவர். காமத்துப்பாலில் அவளுடைய பார்வைக்குப் பொருள் தேடுகிறவன் அவன். வேலையில் என் முகத்தை ஒன்பது பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் படிக்க வேண்டியவன் நான். படித்தேனா?

அண்ணாச்சி சொன்ன அன்று இரவு வீட்டில் இதை ஒரு நகைச்சுவை போலச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. "வீட்டில் அடி கணக்கு இல்லை, வண்டியின் ஸ்டாண்ட் சத்தம்தான்" என்றாள். ஸ்டாண்டை மெதுவாகத் தட்டினால் மகள் மதிப்பெண் அட்டையை எடுத்துக்கொண்டு வருவாளாம். ஓங்கி மிதித்தால் அட்டை பைக்குள்ளேயே தூங்குமாம். என் மகள் கதவோரம் நின்று அப்பா முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறாள். வேப்பமரம் மட்டும்தான் இல்லை.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 'கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அது பொய் என்பது அன்றுதான் உறைத்தது. மண்டல அதிகாரி எத்தனை தடவை காரணமில்லாமல் எரிந்து விழுந்திருக்கிறார்! ஒருநாளாவது அவரிடம் எனக்குக் கண் மண் தெரியாமல் போனதுண்டா? யார் முன்னால் வரலாம், யார் முன்னால் வரக்கூடாது என்று என் கோபத்துக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மாறிவிட்டேன் என்று சொல்லவரவில்லை. சிலவற்றைச் செய்து பார்க்கிறேன். உள்ளே கொதிப்பதற்கு முதலில் சரியான பெயர் தேடுகிறேன். மேத்யூ லீபர்மேன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், முகங்களில் தெரிந்த உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் கொடுத்தபோது மூளையில் அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் வேகம் குறைந்தது தெரியவந்தது. நமக்குப் பெயருக்கா பஞ்சம்? எரிச்சல், ஆத்திரம், ஆதங்கம், மனத்தாங்கல், குமைச்சல், நம் பக்கத்துச் சடவு. இவ்வளவையும் கோபம் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவைத்திருந்தேன். ஒரு கோப்பு தாமதமானதற்கு எழுத்தர் பெண்ணிடம் கத்தப் போன நாளில் நின்று யோசித்தபோது, அது கோபமே இல்லை, காலையில் கூட்டத்தில் நாலு பேர் முன்னால் எனக்குப் பதில் தெரியாமல் போன அவமானம் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று, மன்னிப்பு. எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டு, அறைக்குள் தனியே கூப்பிட்டு "மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்பேன் முன்பெல்லாம். அது மன்னிப்பில் சேர்த்தியில்லை. திட்டிய இடத்திலேயே கேட்க வேண்டும். முதல்முறை கேட்டபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நண்பன் ஒருவன், "இப்படிக் குழைந்தால் எவன் மதிப்பான்?" என்கிறான். பீடிக்கடை அண்ணாச்சியைக் கண்டு ஊரே பயந்தது. அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசிய பேச்சை மரத்தடியில் நின்று கேட்டவன் நான். அவனிடம் அதைச் சொல்லவில்லை.

போன வாரம்கூட ஒருநாள் சத்தம் போட்டுவிட்டேன். மதியம் உதவியாளர் டீ கொண்டுவந்து வைத்தார். கேட்டே விட்டேன்: "இன்று அணையில் எத்தனை அடி?" தட்டு ஆடியது. தப்பிக்க வழியிருக்கிறதா என்று வாசலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"காலையில் 130 இருந்தது சார். இப்போது கொஞ்சம் வடிந்திருக்கிறது."