பின் நம்பரை டோக்கன் மேலயே ஒட்டாதீங்க

சென்னை தம்பு செட்டித் தெருவுல, கஸ்டம்ஸ்லேர்ந்து சரக்கை விடுவிச்சுத் தர்ற பல கிளியரிங் ஆபீஸ்ல இதே காட்சிதான். சிபியு முன்பக்கம் டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து சர்ட்டிபிகேட் இருக்குற யுஎஸ்பி) காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் சொருகியே கிடக்கும். அதுமேல வெள்ளை டேப், டேப்புல மார்க்கர்ல பின் நம்பர். பார்த்தாலே வயிறு எரியுது.

அது பென் டிரைவ் இல்லீங்க, முதலாளியோட கையெழுத்து. 2000-ஆம் வருஷத்து ஐடி சட்டப்படி, பேனாவுல போடுற கையெழுத்துக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு இதுக்கும். உள்ள இருக்குற, கையெழுத்து போட உதவுற ரகசியச் சாவியைக் காப்பி எடுக்க முடியாதபடிதான் டோக்கனைச் செஞ்சிருக்காங்க. ஆனா டோக்கனும் பின்னும் ஒண்ணா கிடைச்சா காப்பி எதுக்கு? கஸ்டம்ஸோட ஐஸ்கேட் வெப்சைட்ல போடுற பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கு), ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கு) எதுல வேணா சைன் விழும். தூரத்துலேர்ந்து கம்ப்யூட்டரை இயக்குற எனிடெஸ்க் திறந்து கிடந்தா எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டுகூட போடலாம்.

"கப்பல் வந்துடுச்சு சார், அவசரம்"னு சொல்றாங்க. பின் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த டேப்பை இன்னிக்கே பிச்சுப் போடுங்க. டோக்கன் சாஃப்ட்வேர்லயே சேஞ்ச் பின் இருக்கு, மாத்துங்க. தப்புத் தப்பா அடிச்சுக்கிட்டே இருந்தா லாக் ஆயிடும், பார்த்து அடிங்க. சைன் முடிஞ்சதும் கழட்டி டிராயர்ல வச்சுப் பூட்டணும். டீக்கு எழுந்தா விண்டோஸ் பட்டனையும் எல் பட்டனையும் சேர்த்து ஒரு அழுத்து. டோக்கன் தொலைஞ்சா புதுசு வாங்கினா மட்டும் போதாது, பழைய சர்ட்டிபிகேட் அதோட தேதி முடியுற வரைக்கும் செல்லும். கொடுத்த கம்பெனிகிட்ட அன்னிக்கே அதை ரத்து (ரீவோக்) பண்ணச் சொல்லுங்க.