கைப்பிடி மட்டும் போதாது
கம்ப்யூட்டர் கேஸில் (பெட்டியில்) கைப்பிடி இருந்தால் டெஸ்க்டாப்பை எங்கும் கொண்டுபோகலாம் என்று மேலே உள்ள கட்டுரை சொல்வது, தென்னாப்பிரிக்காவில் நம்ம டர்பனுக்குள் சரி. ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள இன்னொரு வீட்டுக்கு என்றால் சுமார் 570 கிலோமீட்டர்; காரில் நிமிர்த்தி வைத்தால் கனமான கிராபிக்ஸ் கார்டு குலுக்கலுக்குக் குலுக்கல் மதர்போர்டில் தான் செருகியிருக்கும் ஸ்லாட்டை நெம்பும், திருகு பிடிப்பது ஒரு ஓரத்தை மட்டும்தானே. கார்டைக் கழற்றி, நிலைமின்சாரம் தாக்காத ஆன்டி-ஸ்டேட்டிக் பையில் தனியே வையுங்கள். ஸ்லாட் முனையிலுள்ள சின்னக் கொக்கியை முதலில் அழுத்துங்கள், அழுத்தாமல் இழுத்தால் உடைந்துவிடும். சிபியு சிப் மேல் உயரமான கூலர் (குளிர்விப்பான்) இருந்தால் மதர்போர்டு அடியில் வரும்படி கேஸைப் படுக்கவையுங்கள். மேலே கருத்துகளில் ஒருவர் மினி-ஐடிஎக்ஸ் என்ற சின்ன மதர்போர்டு வாங்கச் சொன்னது நல்ல யோசனை, 17 செ.மீ. சதுரப் போர்டுதான், ஆனால் ரேம் ஸ்லாட் பெரும்பாலும் இரண்டே. நம்மூர் மூன்று உருண்டை முள் பிளக் வைத்த பவர் கேபிளையும் மானிட்டரையும் சுமக்காதீர்கள், இரண்டு வீட்டிலும் ஒவ்வொன்று இருக்கட்டும்.