கொலம்பியாவை உதாரணம் காட்டும் அண்ணன்களுக்கு

அந்த யூடியூப் பேட்டியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலேயே ஒருவர் அந்தத் துண்டு வீடியோவைப் போட்டு, "பாயிண்ட்டா பேசுறாருல்ல?" என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. எந்தப் பேட்டி என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பேசியவர் பெயரைப் போட்டு இன்னும் நாலு பேரைப் பார்க்க வைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

அண்ணன் உதிர்த்த முத்து இது: "கொலம்பியாவப் பாருங்க, கோகெயின் காசுலதான் நாடே நிமிர்ந்துச்சு. நம்ம மலையிலயும் கண்டுக்காம விட்டா ஜிடிபி எகிறும்." பேட்டி எடுப்பவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். கீழே ஹார்ட்டு கொட்டுகிறது.

சரி, கொலம்பியாவையே பார்ப்போம். 1950 முதல் 1980 வரை அந்த நாட்டின் பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதம் வளர்ந்தது. கோகெயின் கொடிகட்டிப் பறந்த அடுத்த இருபது ஆண்டுகளில் அது 3 சதவீதத்துக்கு இறங்கியது. ஏன் இறங்கியது என்று ஆராய்ந்தவர்களில் ஒருவர் மௌரிசியோ கார்தெனாஸ், பின்னாளில் அந்நாட்டு நிதியமைச்சரானவர். போதைக் கடத்தலும் அதோடு வந்த குற்றங்களும் சேர்ந்து நாட்டின் உற்பத்தித்திறனையே தின்றுவிட்டன என்று எழுதினார். இதுதான் அண்ணன் சொல்லும் நிமிர்வு.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. கள்ளப் பயிர்ப் பணம் ஒரு நாட்டுக்குள் வந்தால் முதலில் அடி வாங்குவது கள்ளத் தொழில் அல்ல, கணக்குக் காட்டி, வரி கட்டி, லைசென்ஸ் வாங்கி நடக்கும் நல்ல தொழில். இதை இந்தப் பதிவில் இன்னும் சில தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். 1970களில் கொலம்பியாவின் கரீபியன் கரையோர மலைகளில் கஞ்சா அமோகமாக விளைந்தது. அந்நாட்டு மத்திய வங்கியில் ஒரு கவுன்ட்டர் வைத்திருந்தார்கள். டாலரைக் கொண்டுபோய் நீட்டினால் 'இது ஏது?' என்று பெரிதாகக் கேட்காமல் உள்ளூர்ப் பணமான பெசோவாக மாற்றித் தருவார்கள். ஜனங்கள் அதற்குக் கேடுகெட்ட ஜன்னல் என்று பெயரே வைத்துவிட்டார்கள். டாலர் குவிந்தது. கறுப்புச் சந்தையில் டாலர் விலை அரசு விலையைவிடக் கீழே போன காலம்கூட உண்டு. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் டாலர் மலிந்தால் பெசோ கனக்கும். சட்டை தைத்து ஏற்றுமதி செய்கிறவனுக்கு அதே டாலருக்குக் குறைவான பெசோதான் கையில் வரும். கூலியும் கரன்ட் பில்லும் மட்டும் குறையாது. கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அடுத்தது இன்னும் மோசம். அமெரிக்காவில் விற்ற சரக்கின் டாலரை ஊருக்குக் கொண்டுவர வேண்டும். சூட்கேஸில் எத்தனை நாளைக்குத்தான் கொண்டுவருவார்கள்? அங்கேயே ஒரு தரகரிடம் டாலரைக் கொடுத்துவிடுவார்கள். அந்த டாலரில் துணி, செருப்பு, டிவி, சிகரெட் எல்லாம் வாங்கப்படும். பனாமாவின் கொலோன் சுங்க விலக்கு மண்டலம் வழியாகக் கொலம்பியாவுக்குள் இறங்கும். அடக்க விலைக்குக் கீழே விற்றாலும் கடத்தல்காரனுக்குக் கவலையில்லை. அந்த நஷ்டம், பணத்தை வெளுப்பதற்கான கமிஷன், அவ்வளவுதான். உள்ளூரில் நியாயமாகச் செருப்பு தைத்து விற்கிறவன் அந்த விலையோடு எப்படி மோதுவான்? மெதெயீன் நகரம் ஒரு காலத்தில் நம் திருப்பூர் மாதிரி நெசவுக்குப் பேர்போனது. அந்தத் தொழில் நொடித்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, இறக்குமதியைத் திறந்துவிட்டது உட்பட. ஆனால் வெளுத்த பணத்தில் வந்த துணிக்கும் அதில் பங்கு உண்டு.

இது என் கற்பனை என்பவர்களுக்கு: 2013இல் கொலம்பிய அரசே துணி, காலணி இறக்குமதி மீது தனி வரி போட்டது. அடிமாட்டு விலையில் வரும் சரக்கு கறுப்புப் பணத்தை வெளுக்கும் வழி என்பது அவர்கள் வாதம். பனாமா உலக வர்த்தக அமைப்புக்கு வழக்கு கொண்டுபோனது. 2016இல் மேல்முறையீட்டிலும் கொலம்பியா தோற்றது. யோசித்துப் பாருங்கள். சொந்த நாட்டுச் செருப்புக்காரனைக் காப்பாற்ற வரி போட்டதற்காக ஒரு அரசாங்கம் ஜெனீவாவில் குற்றவாளி மாதிரி நின்றது. "ஜிடிபி எகிறும்" என்று சிரித்தவர்களிடம் இதைக் கேட்டால், "ப்ரோ, சீரியஸா எடுத்துக்காதீங்க" என்பார்கள்.

கோகெயின் கடத்தல் மன்னன் பாப்லோ எஸ்கோபார் நாட்டுக்கு விட்டுப்போன நிலையான முதலீடு என்ன தெரியுமா? நீர்யானை. பண்ணையில் அழகுக்கு வளர்த்தது பெருகி, இன்று மக்தலேனா ஆற்றுப் பக்கம் மேய்கிறது. 2022இல் அதை அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினம் என்று அறிவித்து, அரசு செலவில் அதைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். வளர்ச்சி!

கொலம்பியா நிமிர்ந்தது எதனால் என்றால், காப்பியால். பூவால். நிலக்கரி, எண்ணெயால். காப்பி விவசாயிகள் 1927லேயே கூட்டமைப்பு கட்டி, விளைந்ததை வாங்கிக்கொள்ள ஆள் உண்டு என்ற உத்தரவாதத்தை உருவாக்கினார்கள். பூ ஏற்றுமதியில் நெதர்லாந்துக்கு அடுத்த இடம். அந்தப் பூக்காரர்களின் பாட்டைக் கேளுங்கள். காதலர் தினத்துக்கு விமானம் ஏறும் ரோஜாப் பெட்டிக்குள் எவனாவது பொட்டலம் வைத்திருப்பானோ என்று போலீஸ் குத்திப் பார்க்கும், நாய் மோந்து பார்க்கும். யாரோ செய்த தொழிலுக்கு ரோஜாக்காரன் தண்டம் கட்டுகிறான்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் மட்டுமல்ல. நான் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன். இப்போதே சிலர் கஞ்சா ஜோக்கோடு கமெண்ட் டைப் பண்ண ஆரம்பித்திருப்பீர்கள், தெரியும். எங்கள் சித்தப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே திராட்சை. ஒருமுறை கேரளாவுக்குப் போன லோடை ஒரு செக்போஸ்ட்டில் ஓரங்கட்டி, பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தேடினார்கள். ஒன்றும் இல்லை. ஆனால் காலை மண்டி முடிந்துவிட்டது. பன்னீர் திராட்சை காத்திருக்காது. மத்தியானத்துக்கு மேல் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார்கள். சித்தப்பா யாரையும் திட்டவில்லை. "அவங்க வேலைய அவங்க செய்றாங்க" என்றார். எனக்குத்தான் ஆறவில்லை.

அப்புறம் ஒரு வங்கியில் தோட்டக் கடன் கேட்கப் போனபோது, அங்கிருந்த அதிகாரி பட்டா, அடங்கல் எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே, "திராட்சை மட்டும்தானே, வேற ஊடுபயிர் இல்லையே?" என்றார். பக்கத்து டேபிளும் சிரித்தது. அறுபது வயது மனுஷன் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. கடன் வேண்டுமே.

வருசநாட்டு மலைப்பக்கம் ஒரு காலத்தில் கஞ்சா போட்டார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. சித்தப்பாவே சொல்வார். மலையில் கொடுத்த கூலியைக் கீழே எந்தத் தோட்டக்காரனாலும் கொடுக்க முடியாதாம். கவாத்துக்கு ஆள் கிடைக்காதாம். மேலே போனவர்களாவது பணக்காரர் ஆனார்களா? கேஸ் வாங்கினார்கள். வக்கீலுக்கு நிலத்தை விற்றார்கள். பங்களா கட்டியவன் வேறு எங்கோ இருந்தான். இன்று எங்கள் பக்கம் பிடிபடுவதில் பெரும்பகுதி ஆந்திரா, ஒடிசா மலைகளிலிருந்து வருவது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே ஆந்திர போலீஸ் ஒரே இடத்தில் கொளுத்தியது மட்டும் சுமார் 2 லட்சம் கிலோ. ஆனால் ஜோக்கு மட்டும் இன்னும் கம்பத்தின் பேரில்தான் ஓடுகிறது.

"பசியில கிடக்கிற விவசாயி என்ன பண்ணுவான், ஏசி ரூம்ல உட்கார்ந்து பொருளாதாரம் பேசாதீங்க" என்று ஒருவர் வருவார். ஐயா, நான் விவசாயியைச் சொல்லவே இல்லை. கொலம்பியாவின் கதாதும்போ மலையில் வாழைத்தார் விளைவித்தால் சந்தைக்கு இறக்க ரோடு கிடையாது. கோகெயினுக்கு மூலமான கோக்கா இலையிலிருந்து எடுத்த பசையைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடலாம், இல்லையென்றால் வாங்குகிறவன் வாசலுக்கே வருவான். அந்த ஊர்க் கடைகளில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் பதிலாக அந்தப் பசையையே நிறுத்துக் கொடுத்த காலமெல்லாம் உண்டு. நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன். ஆனால் 2022 வாக்கில் வாங்குகிறவர்கள் திடீரென்று வரவில்லை. விலை விழுந்தது. வேறு பயிர் கிடையாது, கடன் கொடுக்க வங்கி கிடையாது, பயிர்க் காப்பீடு கிடையாது. கடைகள் மூடின, குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. நாடு முழுக்க அப்போது கோக்கா பரப்பு குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. 2023இல் 2,53,000 ஹெக்டேர், ஆறேகால் லட்சம் ஏக்கர், ஐநா கணக்கில் அதுவரை இல்லாத உச்சம். 2025 ஜனவரியில் அதே கதாதும்போவில் ஆயுதக் குழுக்கள் மோதியதில் 50,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு ஓடினார்கள். இந்த ஏழையைக் காட்டித்தான் அண்ணன் ஜிடிபி கணக்குப் போடுகிறார்.

"சட்டபூர்வமாக்கிட்டா?" அது வேறு விவாதம், அதில் எனக்குப் பாதிச் சம்மதம் உண்டு. மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர், நீமச் பக்கம் அரசு லைசென்ஸ் கொடுத்து ஓபியம் விளைகிறது, அரசே எடை போட்டு வாங்கிக்கொள்கிறது. அங்கேயும் கொஞ்சம் வெளியே கசிகிறது என்பது வேறு. அண்ணன் கேட்டது லைசென்ஸ் அல்ல. 'கண்டுக்காம விட்டா' என்றார். அதாவது கள்ளமாகவே இருக்கட்டும், காசு மட்டும் வரட்டும்.

"டாஸ்மாக்?" போங்கய்யா.

சிலர் இன்பாக்ஸில் வந்து, "காமெடிக்குச் சொன்னதுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்?" என்கிறார்கள். காமெடி எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எங்கள் ஊர்ப் பையன் சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், ஊர்ப் பேரைச் சொல்வதா, 'தேனி பக்கம்' என்று மழுப்புவதா என்று யோசிக்கிறான். நானும் மழுப்பியிருக்கிறேன். பேட்டி கொடுத்த அண்ணனுக்கு அப்படி யோசிக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. வந்திருந்தால் கொலம்பியா இவ்வளவு சுலபமாக வாயில் வந்திருக்காது.

வாட்ஸப் குழுவில் இதையே சுருக்கிப் போட்டேன். வீடியோ அனுப்பியவர் ஒரு கட்டைவிரலை மட்டும் வைத்துவிட்டு, அடுத்த நிமிடம் குட் மார்னிங் படம் அனுப்பினார். அதனால்தான் இங்கே நீட்டி எழுதினேன். எண்களோடு மறுப்பவர்கள் வாருங்கள், பேசுவோம். பொட்டலம் ஜோக்கோடு வருகிறவர்களுக்கு இந்த முறை பதில் கிடையாது, நேராக பிளாக்தான்.