பி ஒயர் தேவையில்லை என்பது தவறு

"லைன் ஸ்கேன் கேமராவுக்கு என்கோடரின் ஏ ஒயர் மட்டும் போதும், எந்த என்கோடரானாலும் நேரடியாகச் சொருகலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். லைன் ஸ்கேன் கேமரா என்பது கன்வேயர் பெல்ட்டில் நகரும் பொருளை ஒவ்வொரு வரியாகப் படமெடுப்பது. பெல்ட் எவ்வளவு நகர்ந்தது என்பதை ஏ, பி என்ற இரண்டு ஒயர்களில் பல்ஸாக (மின் துடிப்பாக) அனுப்பும் கருவிதான் என்கோடர். இதை நம்பி யாரும் ஒயரிங் செய்துவிட வேண்டாம்.

முதலில் வோல்டேஜ். என்கோடரில் ஆர்எஸ்-422 வகை 5 வோல்ட் டிஃபரென்ஷியல் சிக்னலும் (ஒயர் ஜோடியாகப் போவது) உண்டு, 24 வோல்ட் போன்ற உயர் வோல்டேஜில் இயங்கும் எச்டிஎல் வகையும் உண்டு. 5 வோல்ட் உள்ளீட்டில் 24 வோல்ட் கொடுத்தால் கேமராவே பழுதாகலாம். கேமரா, என்கோடர் இரண்டின் டேட்டாஷீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே ஒயரைத் தொடுங்கள்.

பி ஒயர் விஷயம்தான் இன்னும் முக்கியம். கன்வேயர் நிற்கும்போது பெல்ட் துளி பின்வாங்கும், அதிரும். ஏ மட்டும் இருந்தால் அந்த அசைவுகளும் முன்னோக்கிய நகர்வாகவே எண்ணப்படும். ஒரே இடம் மறுபடி மறுபடி பதிவாகிப் படம் இழுத்துவிட்டதுபோல் வரும். ஏ பல்ஸுக்கும் பி பல்ஸுக்கும் இடையே 90 டிகிரி (கால் சுழற்சி) விலகல் இருப்பதே திசையை அறியத்தான். பின்னால் போன தூரத்தைக் கழித்து, பெல்ட் பழைய இடத்தைத் தாண்டிய பிறகே அடுத்த வரியை எடுக்கும்படி ஃபிரேம் கிராபரில் (கேமராவின் படத்தைக் கணினிக்குள் வாங்கும் கார்டில்) அமைக்கலாம்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். பெல்ட்டோடு சுழலும் என்கோடர் சக்கரத்தின் சுற்றளவு 200 மி.மீ., ஒரு சுற்றுக்கு 2000 பல்ஸ் என்றால், பல்ஸுக்கு 0.1 மி.மீ. பெல்ட் நொடிக்கு 500 மி.மீ. ஓடினால் நொடிக்கு 5000 வரிகள். குறுக்கேயும் ஒரு பிக்சல் 0.1 மி.மீ. ஆக இருந்தால்தான் வட்டம் வட்டமாகத் தெரியும். ஏ, பி பல்ஸ்கள் ஏறும், இறங்கும் நான்கு விளிம்பையும் எண்ணும் அமைப்பு என்றால் நொடிக்கு 5000 என்பது 20000 ஆகிவிடும். அப்போது டிவைடரை (எண்ணிக்கையை வகுக்கும் அமைப்பை) 4 என்று வையுங்கள்.