நோயாளிக்கு எதற்கு மாத நாவல் என்று கேட்டவர்களுக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள். ஆகவே முழுக் கதையையும் நான் மறுபடி சொல்லப்போவதில்லை. புற்றுநோயாளர் வாட்டில் வைக்கவிருக்கும் புத்தக அலுமாரிக்கென்று சேர்ந்தவற்றிலிருந்து மாத நாவல்களை, அதாவது மாதாமாதம் மெல்லிய புத்தகமாக வரும் காதல் நாவல்களையும் துப்பறியும் நாவல்களையும் பேய்க்கதைகளையும், தனியே பொறுக்கியெடுத்து, பெட்டியின் மேல் 'தரமற்றவை' என்று அழகான கையெழுத்தில் எழுதி, போத்தல் பேப்பர்காரரிடம் நிறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நானும் கீமோ எடுத்தவள்தான், அவற்றில் ஒரு பகுதி என்னுடையது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரீவீலுக்குக் காசு கொடுத்து நானே திருப்பி எடுத்திருப்பேன். விற்ற காசுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அது பெரிய தொகையாக இருக்கவும் முடியாது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நோயாளி எதை வாசிப்பது என்பதை நோயாளியே தீர்மானிக்கட்டும்.

அலுமாரியில் இப்போது மிஞ்சியிருப்பவை பக்தி நூல்கள், வாழ்க்கை வரலாறுகள், தன்னம்பிக்கை நூல்கள், கெட்டி அட்டை போட்ட சில தொகுப்புகள். நல்ல நூல்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கீமோ ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு கையில் மருந்து ஏற்றும் குழாயான கனுலா இருக்கும் என்பதும், மற்றக் கையால் மட்டும் அறுநூறு பக்கத் தொகுப்பை நெஞ்சின்மேல் நிறுத்தி வைக்க முடியாது என்பதும் தெரிவுக் குழுவில் இருந்த ஒருவருக்கேனும் தோன்றியிருக்க வேண்டும். சில மருந்துகள் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்துவிடும். அப்போது தாளைப் புரட்டுவதே ஒரு வேலை. வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் இரவுத் தூக்கத்தைப் பறித்துவிட, உடம்பு கட்டிலோடு ஒட்டிக் கிடக்க, கண் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். ஒரு பக்கத்தின் அடிக்கு வரும்போது அதன் தலையில் வாசித்தது மறந்திருக்கும். அந்த நிலையில், முதல் அத்தியாயத்தில் முறைத்துக்கொள்ளும் இருவர் கடைசி அத்தியாயத்தில் சேர்ந்துவிடுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த கதையைத்தான் மனம் தேடும். நீங்கள் குறை என்று சொல்லும் அந்த ஊகிக்கக்கூடிய முடிவுக்காகத்தான் நாங்கள் அதை வாசித்தோம். மெல்லிய தாள், பின் அடித்த முதுகு, சுருட்டிக் கைப்பைக்குள் வைக்கலாம் என்பதெல்லாம் மேலதிக வசதிகள்.

என் பக்கத்துக் கதிரையில் பதுளையிலிருந்து இரவு பஸ்ஸில் வரும் ஒரு அக்கா இருப்பார். முதன்முதலில் எனக்கு நாவல் தந்தவர் அவர்தான். அதன் உள்ளட்டையில் யாரோ பென்சிலால் 'இதில் ஒருவரும் சாகமாட்டார்கள், பயப்படாமல் வாசிக்கவும்' என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்றில் 'தொண்ணூறாம் பக்கத்தில் தாய்க்கு வருத்தம் வரும், தாண்டிப் போகவும்' என்றிருந்தது. எத்தனை பேரின் கைகளில் புரண்டு வந்த புத்தகங்கள் அவை! எந்தத் திறனாய்வாளரும் எனக்கு இவ்வளவு உபயோகமான ஒரு வரியை எழுதித் தந்ததில்லை. ஒரு நாவலுக்குக் கடைசித் தாள்கள் கிழிந்து போயிருந்தன. கொலையாளி யார் என்று ஆளுக்கொரு முடிவு சொன்னோம். கம்பஹாவிலிருந்து வரும் ஒரு சிங்கள அம்மா நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்க, என்னுடைய உடைந்த சிங்களத்தில் முழுக் கதையையும் சொன்னேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், சமையற்காரன்தான் கொன்றிருப்பான் என்று தீர்ப்பளித்தார். பிறகு வாரப் பத்திரிகையில் அவர் தொடர்ந்து வாசிக்கும் காதல் தொடரை எங்களுக்குச் சொல்லத் தொடங்கினார். இந்தக் கூட்டத்தையா தன்னம்பிக்கை நூலால் திருத்தப் போகிறீர்கள்?

பழைய புத்தகங்களால் கிருமி தொற்றும் என்று ஒருவர் சொன்னாராம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பூஞ்சணம் பிடித்த தாள் ஆபத்துத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூஞ்சணம் இலக்கியத் தரம் பார்த்தா பிடிக்கிறது? கெட்டி அட்டை நூல்களை யாராவது முகர்ந்தாவது பார்த்தீர்களா?

இந்த நாவல்களில் வரும் பெண்கள் அடங்கி ஒடுங்கியே இருக்கிறார்கள், அறைந்தவனையே கட்டிக்கொள்கிறார்கள் என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். அது உண்மை. அந்தக் கதாநாயகர்களைப் பார்த்து நானும் பல்லைக் கடித்திருக்கிறேன், அக்காவும் நானும் அவர்களைத் திட்டித் தீர்த்திருக்கிறோம். ஆனாலும் அந்தத் தங்கையோடு நான் ஆறுதலாக வேறொரு நாள் பேசுகிறேன். பெட்டியின் மேல் எழுதியவர்கள் அவருடைய காரணத்துக்காக எழுதவில்லை.

இந்தக் குப்பைப் பேச்சு நமக்குப் புதிதும் அல்ல. 1970களில் இலங்கையில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோதும் மலினம், சீரழிவு என்ற சொற்கள் தாராளமாகப் புழங்கின. அந்தக் கட்டுப்பாட்டால் உள்ளூர் எழுத்தாளர்களுக்கு நன்மை கிடைத்தது, வீரகேசரிப் பத்திரிகை நிறுவனம் வெளியிட்ட நாவல்கள் வீடு வீடாக வந்தன என்பதை மறக்கவில்லை. என் அம்மா அவற்றையும் வாசித்தார், தலையணைக்குக் கீழே பழைய இந்தியத் தொடர்கதைகளையும் வைத்திருந்தார். இன்று நிலைமை வேறு. 2022இல் ரூபாய் விழுந்ததற்குப் பிறகு இந்தியாவிலிருந்து வரும் ஒரு மெல்லிய நாவலைக்கூட விலை பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும் ஆட்கள் நாங்கள். கைமாறி வருவதைத்தான் வாசிக்க முடியும். அதைத்தான் நிறுத்து விற்றீர்கள்.

இவை எல்லாவற்றையும் நான் பொறுத்திருப்பேன். 'இருக்கிற கொஞ்சக் காலத்தையாவது அவர்கள் பயனுள்ளதாகக் கழிக்கட்டும்' என்று கூட்டத்தில் பேசிய அந்த ஐயா ஒலிவாங்கியில் சொன்னாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எவருடைய கொஞ்சக் காலம்? முன்வரிசையில் நான் இருந்தேன், தலைமுடி திரும்ப வளர்ந்துவிட்டதால் அவருக்கு அடையாளம் தெரியவில்லைப் போலும். நோய் வந்த நாளிலிருந்து ஊரெல்லாம் எங்களுக்கு ஆசிரியர்கள்தான். கட்டு அனோதா (முள்சீத்தா) இலையை அவித்துக் குடி என்பார்கள், சீனியை விடு என்பார்கள், கோபப்படாதே, நேர்மறையாக யோசி, இந்தச் சுலோகத்தைச் சொல் என்பார்கள். அழுதாலும் குற்றம், சிரித்தாலும் 'இவளுக்கு வருத்தத்தின் பாரதூரம் விளங்கவில்லை' என்ற பார்வை. சுகதேகிகள் பஸ்ஸில் மணிக்கணக்காகக் கைத்தொலைபேசியில் பூனை வீடியோ பார்க்கிறார்கள், ஒருவரும் அவர்களுடைய மிச்சக் காலத்தைக் கணக்கிட்டு ஒலிவாங்கியில் சொல்வதில்லை. எங்கள் இரத்தத்தை எடுக்கிறீர்கள், உணவைத் தீர்மானிக்கிறீர்கள், வீட்டுக்குப் போகும் நாளைத் தீர்மானிக்கிறீர்கள். அவற்றுக்கு மருத்துவக் காரணம் உண்டு, பணிந்து போகிறோம். இராத்திரி விழித்திருந்து ஒரு பேய்க்கதையைப் படிப்பதற்கும் உங்கள் அனுமதி வேண்டுமா, ஐயா?

நான் திரும்பச் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். பூஞ்சணம் பிடித்தவை வேண்டாம். மெல்லியதாக, எழுத்துப் பெரிதாக இருந்தால் நல்லது. கடைசித் தாள் இல்லாவிட்டாலும் தாருங்கள். தன்னம்பிக்கை நூல் வைத்திருப்போர் அதை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நடத்தியவர்களிடமே கொடுத்துவிடுங்கள், இந்தப் பதிவை வாசித்த பிறகு அவர்களுக்குத் தேவைப்படும்.