துப்பாக்கிக்கு முன்னாடி தோட்டாவ பத்தி பேசுவோம்

ராணுவத்துக்கு புது ரைஃபிள்னு நியூஸ் வந்தாலே நம்மாளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடறாங்க, ஏகே மாதிரி வருமான்னு ஒரு பக்கம், அமெரிக்கன் ரைஃபிள் கிட்ட நெருங்க முடியுமான்னு இன்னொரு பக்கம். அதுக்குள்ள போற தோட்டாவ யாரு முடிவு பண்ணாங்க, எதுக்காக பண்ணாங்கன்னு யாருமே கேக்கறதில்ல. எனக்கு அதுதான் முதல் கேள்வியே.

வியட்நாம் போர்ல அமெரிக்க ராணுவத்தோட எம்-16 ரைஃபிள் பட்ட பாட்ட எடுத்துக்கோங்க. அந்த ரைஃபிள டிசைன் பண்ணது ஒரு வகை பவுடர, அதாவது தோட்டாவ தள்ளுற வெடிமருந்த வச்சு. ராணுவம் தோட்டாவுக்கு வினாடிக்கு 3,250 அடி வேகம் வேணும்னு பிடிச்சு நின்னுச்சு, பழைய பவுடர்ல பிரஷர் லிமிட்டுக்குள்ள அது சரியா வரல, அதனால 1964-ல பால் பவுடர்ங்கற (ball, குட்டி உருண்டையா இருக்கற) வேற வெடிமருந்துக்கு மாறுனாங்க. ரைஃபிள் அதே ரைஃபிள், ஆனா நிமிஷத்துக்கு இத்தனை தோட்டான்னு சுடுற வேகம் எகிறிடுச்சு, உள்ள கரி படிய ஆரம்பிச்சுது, தோட்டா உக்கார்ற சேம்பருக்கு துரு தடுக்கற குரோம் பூச்சும் இல்ல, அந்த ஈரக்காட்டுல துரு பிடிக்காம என்ன செய்யும். இது பெருசா கிளீன் பண்ண தேவையில்லாத துப்பாக்கின்னு வேற பேச்சு பரவியிருந்துச்சு, கிளீனிங் கிட்டும் எல்லாருக்கும் போய் சேரல.

சுட்ட தோட்டாவோட காலி உறை, அதாவது கேஸ், சேம்பர்லயே ஒட்டிக்கும், வெளிய வராது. எதிர்ல இருந்து சுட்டுக்கிட்டு இருக்கான், இவன் நீட்டு கம்பிய எடுத்து பேரல் (குழல்) வாய் வழியா விட்டு குத்தி குத்தி அந்த கேஸ வெளிய தள்ளணும், அப்புறம்தான் அடுத்த ரவுண்டு, அதாவது அடுத்த தோட்டா. சிலர் அந்த கம்பிய ரைஃபிள் மேலயே டேப் போட்டு ஒட்டி வச்சிருந்தாங்க. கழட்டுன ரைஃபிளோட செத்துக் கிடந்தவங்களும் உண்டு. 1967-ல அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி விசாரிச்சு ராணுவ நிர்வாகத்த கடுமையா சாடுச்சு, குரோம் சேம்பர், சுடுற வேகத்த மட்டுப்படுத்தற புது பஃபர், கிளீனிங் கிட் எல்லாம் அந்த சமயத்துலதான் ஒழுங்கா வந்துச்சு. பவுடர மாத்துன கையோட அதே ரைஃபிள்ல, அதே ஈரத்துல, சில ஆயிரம் ரவுண்டு சுட்டு பாத்திருந்தா போதும்ங்க, அத்தன பேர் உயிர் போயிருக்காது.

கிடங்குல இருக்கற தோட்டா கையிருப்ப நெனச்சு முடிவெடுக்கறதும் தப்புன்னு சொல்ல மாட்டேன். 1932-ல அமெரிக்காவோட கேரண்ட் ரைஃபிளுக்கு சின்ன .276 தோட்டா (இந்த எண் அங்குலத்துல தோட்டாவோட தடிமன்) ரெடியா இருந்தும் அப்போதைய அமெரிக்க ராணுவ தலைமை தளபதி மெக்கார்தர் வேண்டாம்னுட்டாரு, கிடங்கு நெறைய பழைய .30 தோட்டா இருந்தது ஒரு முக்கிய காரணம், அந்த காலத்து பணமுடைக்கு அது நியாயம்தான். ஆனா 1950-கள்ல பிரிட்டன் .280-னு நடுவாந்திரமான ஒரு தோட்டா கொண்டு வந்தப்ப அமெரிக்கா தன்னோட 7.62×51-ஐ (மில்லிமீட்டர்ல, முதல் எண் தோட்டா தடிமன், ரெண்டாவது கேஸ் நீளம்) தன் ராணுவ கூட்டணியான நேட்டோ மொத்தத்தோட தலையிலயும் கட்டுச்சு, அப்புறம் பத்து பதினஞ்சு வருஷத்துல அமெரிக்காவே 5.56-ங்கற சின்ன தோட்டாவுக்கு தாவிடுச்சு. அத எனக்கு மன்னிக்க தோணல.

5.56 ஆள கொல்லாம காயப்படுத்தத்தான் வந்துச்சுன்னு இன்னும் எழுதறாங்க, தயவுசெஞ்சு நிறுத்துங்க. ஒரு 5.56 ரவுண்டு கிட்டத்தட்ட 12 கிராம், 7.62×51 அதுல ரெண்டு மடங்கு, அதே எடைக்கு ரெண்டு பங்கு தோட்டா தூக்கலாம், விஷயம் அதுதான்.

நம்ம கதையும் இதேதான். நம்ம நாட்டுல செஞ்ச இன்சாஸ் ரைஃபிளோட மேகசின் (தோட்டா அடுக்கற பெட்டி) குளிர்ல விரிசல் விடுதுன்னு கார்கில்ல புகார் வந்துச்சு. 2011-ல ஒரே ரைஃபிள்ல பேரல் மாத்தி ரெண்டு வகை தோட்டா சுடணும்னு டெண்டர் விட்டாங்க, 2015-ல அத ரத்து பண்ணாங்க. இப்ப இன்சாஸுக்கு 5.56, அமெரிக்காவுல இருந்து வாங்குன சிக் 716 ரைஃபிளுக்கு 7.62×51, ஏகே வகையான ஏகே-203-க்கு 7.62×39. கடைசி ரெண்டும் 7.62தான், ஆனா ஒன்னுல போறது இன்னொன்னுல போகாது. பக்கத்து யூனிட் கிட்ட தோட்டா கடன் வாங்கற நெலம வந்தா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க.

2022-ல அமெரிக்கா மறுபடி பெரிய தோட்டாவுக்கு போயிருக்கு, 6.8×51, மேகசின்ல 20 ரவுண்டு, ஒரு ஆள் தூக்கறது 210-ல இருந்து 140 ஆயிடுச்சு. கவசத்த துளைக்கணும்ங்கற காரணம் புரியுது. ஆனா அந்த கொறஞ்ச 70 ரவுண்டு சரியா தப்பான்னு மலையேறி, வேர்த்து, மூச்சு வாங்கிக்கிட்டே சுடற சிப்பாய்தான் சொல்லணும், அவன் சொல்றத டெண்டர் எழுதறதுக்கு முன்னாடியே கேக்கணும்.