டப்பாவில் இருந்தது காக்காப்பொன்

போன வாரம் அக்கா ஒரு முகக் கிரீமைக் காட்டினாள். 'நானோ தங்கம், காஷ்மீர் குங்குமப்பூ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நானோ என்றால் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய துகள். 30 கிராம் டப்பா, 1,450 ரூபாய். புறங்கையில் தடவினால் பொன் நிறத்தில் மினுங்குகிறது. "பாரு, தங்கம் தெரியுதுல்ல" என்றாள்.

டப்பாவைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தை போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். தண்ணீர், கிளிசரின் என்று ஆரம்பித்து நடுவில் ஃபீனாக்ஸிஎத்தனால், அதற்கும் கீழேதான் குங்குமப்பூச் சாறு. ஃபீனாக்ஸிஎத்தனால் கிரீம் கெடாமல் இருக்கச் சேர்ப்பது, 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதிகம் உள்ளதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பதால், அதற்குக் கீழே இருக்கும் குங்குமப்பூ 1 சதவீதத்துக்குள்தான், எவ்வளவு குறைவாகவும் இருக்கலாம். சரி, தங்கம்? நிறம் தரும் ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியலில் போட சிஐ என்று ஓர் எண் உண்டு. தங்கத்துக்கான எண் சிஐ 77480, பட்டியலில் எங்குமே இல்லை. இருந்தது சிஐ 77019, அதாவது மைக்கா, நம் ஊர்ச் சொல்லில் காக்காப்பொன். அதன் செதில்மேல் டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் பூசினால் அச்சாகத் தங்க நிறம் வந்துவிடும்.

எனக்குக் கோபம் வந்தது ஏமாற்றியதற்காக மட்டும் இல்லை. ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிடி பக்கம் கைவிடப்பட்ட சுரங்கங்களில் பிள்ளைகள் குனிந்து உட்கார்ந்து மைக்காத் துண்டுகளைப் பொறுக்குகிறார்கள், மண் சரிந்து செத்தும் போகிறார்கள். 2016-லேயே ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளியே கொண்டுவந்தது. குங்குமப்பூவுக்கு ஊர்ப்பெயர் போடத் தெரிந்தவர்களுக்கு மைக்காவுக்கு மட்டும் ஏன் போட முடியவில்லை?

நானோவே பொய் என்று நான் சொல்லவில்லை. சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடை நானோ அளவுக்குப் பொடித்தால் முகத்தில் வெள்ளை படியாது, அது நிஜமான பயன். ஆனால் ஐரோப்பாவில் அப்படிச் சேர்த்தால் பொருள்பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் நானோ என்று போட்டாக வேண்டும், 2013 முதல் இதுதான் சட்டம். நானோ தங்கத்தையோ பாதுகாப்புச் சந்தேகத்தால் அழகுசாதனங்களில் தடையே செய்துவிட்டார்கள், 2025 பிப்ரவரியிலிருந்து அதைச் சேர்த்த புதுப் பொருள் எதையும் அங்கே சந்தைக்குக் கொண்டுவர முடியாது. இங்கே அதே சொல்லை விற்பனைக்காக முன்பக்கத்தில் போடுகிறார்கள்.

நிறுவனத்துக்கு இரண்டே கேள்வி எழுதினேன். தங்கம் எங்கே, மைக்கா எந்த ஊரிலிருந்து வாங்குகிறீர்கள். "உயர்தர மூலப்பொருள்களை மட்டுமே பயன்படுத்துகிறோம்" என்று பதில் வந்தது. ஊர்ப்பெயர் இல்லை. பட்டியலின் படத்தையும் சேர்த்து நேற்று மறுபடி எழுதியிருக்கிறேன், இந்த முறை அக்காவும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.